ஜெர்மன் அரங்கச் சொற்களை ஆங்கிலமாக்குதல்: எந்தத் தாளுக்கு எந்த வழி?

ஜெர்மனியில் பொதுப்பணத்தில் இயங்கும் நாடக அரங்குகள் ஏறத்தாழ 140 உள்ளன. நடிகர், பாடகர், நடனக் கலைஞர், தச்சர், தையற்காரர், ஒப்பனையாளர் என எல்லோரையும் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பருவம் முழுவதும் பல படைப்புகளை மாற்றி மாற்றி மேடையேற்றும் நிறுவனங்கள் இவை. வெளிநாட்டு இயக்குநர்களும் பாடகர்களும் வடிவமைப்பாளர்களும் இங்கே வந்து பணிபுரிவது வழக்கமாகிவிட்டது. ஆகவே இத்தகைய ஓர் அரங்குக்கு மொழிபெயர்க்க உட்காருபவரின் மேசைக்கு ஒரே நேரத்தில் பலவகைத் தாள்கள் வந்து சேரும்: பாடகியின் ஒப்பந்தம், ஒத்திகை அட்டவணை, மேடையின் தொழில்நுட்ப வரைபடம், பார்வையாளர் கையேடு, சில வேளைகளில் அக்கையேட்டுக்காக எழுதப்பட்ட கோட்பாட்டுக் கட்டுரை. ஒரே ஜெர்மன் சொல் இந்தத் தாள்கள் எல்லாவற்றிலும் வரும். எல்லாவற்றிலும் ஒரே ஆங்கிலச் சொல்லை இடுவதா என்பதுதான் முதலில் எடுக்க வேண்டிய முடிவு.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. ஜெர்மன் சொல்லை அப்படியே விட்டுவிடலாம். ஆங்கில நாடக உலகில் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும் சொல்லை எடுத்து வைக்கலாம். சொல்லின் உறுப்புகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஆங்கிலமாக்கிப் புதுச்சொல் ஒட்டலாம். அல்லது ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு விளக்கத் தொடரை எழுதலாம். மொழிபெயர்ப்பைக் கற்பிக்கும் நூல்கள் இவற்றைச் சமமான வழிகளாக அடுக்கிக் காட்டுவதுண்டு. அரங்கச் சொற்களைப் பொறுத்தவரை அவை சமமானவை அல்ல என்பது என் கருத்து. சொல்லை வாசிப்பவர் அதைக் கொண்டு என்ன செய்யப் போகிறார் என்பதே வழியைத் தீர்மானிக்க வேண்டும்; சொல்லின் கடினம் தீர்மானிக்கக் கூடாது. கடினமான சொற்களின் முன் எல்லோரும் நின்று யோசிக்கிறார்கள். தெரிந்ததுபோல் முகம் காட்டும் எளிய சொற்கள்தாம் யாரும் கவனிக்காமல் தவறாகக் கடந்துபோகின்றன.

பதவிப் பெயர்களிலிருந்து தொடங்குவோம். 'இன்டென்டன்ட்' என்பவர் அரங்கின் தலைவர். எந்த நாடகங்கள் நடக்கும், யார் பணியில் சேர்வார்கள், பணம் எப்படிச் செலவாகும் என்பவற்றுக்கெல்லாம் நகராட்சிக்கோ மாநில அரசுக்கோ பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆப்பெரா, உரைநாடகம், நடனம் மூன்றும் ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் அரங்கில் மூன்றுக்கும் மேலே இருப்பவர். ஆங்கிலத்தில் இவரை 'ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர்' என்று எழுதினால் கலைப் பொறுப்பு வந்துவிடும், நிர்வாகப் பொறுப்பு விடுபட்டுவிடும். லண்டன் நேஷனல் தியேட்டர் போன்ற இடங்களில் இவ்விரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் இருப்பதால் ஆங்கில வாசகர் பாதி அதிகாரத்தையே நினைத்துக்கொள்வார். 'ஜெனரல் மேனேஜர்' என்பது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவின் தலைவருக்கு உரிய பட்டம்; அங்கே பொருத்தமாக ஒலிப்பது, உரைநாடக அரங்கு ஒன்றின் தலைவருக்கு வைத்தால் கணக்குப் பார்ப்பவரைக் குறிப்பதுபோல் ஆகிவிடும். அமெரிக்க ஆப்பெரா நிறுவனங்களில் வழங்கும் 'ஜெனரல் டைரக்டர்' இவற்றுள் மிக நெருங்கி வருகிறது, ஆனால் லண்டன் நாடக உலகில் அதற்குப் பழக்கமில்லை.

பார்வையாளர் கையேட்டில் 'ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர்' என்று எழுதிவிட்டுப் போகலாம். அதை வாசிப்பவர் அந்தப் பதவியை வைத்து எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை. ஒப்பந்தத்தில் நிலைமை வேறு. ஜெர்மன் அரங்குகளின் கலைப் பணியாளர்களுக்கு 2003 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 'என்.வி. பியூனெ' என்னும் கூட்டு ஒப்பந்தம், தலைவர் மாறும்போது அதைக் காரணமாகக் கொண்டு கலைஞர்களின் பணி புதுப்பிக்கப்படாமல் போவதைத் தனி நிகழ்வாகக் கருதி அதற்கென இழப்பீட்டு விதிகளை வைத்திருக்கிறது. புதிய தலைவர் வந்தால் தன் வேலை என்னாகும் என்று ஒரு பாடகி தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவருடைய ஒப்பந்தத்தின் ஆங்கில வடிவத்தில் 'இன்டென்டன்ட்' என்ற சொல் அப்படியே நிற்க வேண்டும்; முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

'ரெஜிஸோர்' என்ற சொல்லுக்கு இதே வழி அடியோடு பொருந்தாது. அது நாடகத்தை இயக்குபவரைக் குறிக்கும் ஜெர்மன் சொல், பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆனால் பிரெஞ்சிலேயே அது மேடை நிர்வாகியைக் குறிக்கிறது, ஆங்கிலத்திலோ பாலே குழுக்களில் பழைய நடனங்களை மறுபடி ஒத்திகை பார்த்துத் தருபவரைக் குறிக்கிறது. ஜெர்மன் சொல்லை விட்டுவைத்தால் வாசகர் இரண்டு தவறான பொருள்களில் ஒன்றுக்குப் போவார். 'டைரக்டர்' என்றுதான் எழுத வேண்டும். எழுதியவுடன் அடுத்த சிக்கல் வந்து நிற்கிறது. அதே பெயர்ப்பட்டியலில் உரைநாடகப் பிரிவின் தலைவர், நிர்வாகத் தலைவர், தொழில்நுட்பத் தலைவர் ஆகிய மூவரும் ஜெர்மனில் 'டிரெக்டோர்' என்ற பட்டத்தோடு இருப்பார்கள். எல்லாவற்றையும் 'டைரக்டர்' ஆக்கினால், ஒரு பக்கத்தில் நான்கு டைரக்டர்கள் நின்று யார் நாடகத்தை இயக்கினார் என்பதே தெரியாமல் போகும். இயக்குநருக்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு மற்றவர்களை 'ஹெட் ஆஃப் டிராமா' என்பதுபோல் பிரிவின் தலைவர்களாக எழுதுவதே நல்லது. பழைய ஆங்கில ஆவணங்களோடு ஒப்பிட்டு வேலை செய்பவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் இயக்குநரைப் 'புரொடியூசர்' என்றே அழைத்தார்கள். அக்காலத்து ஆங்கில மொழிபெயர்ப்பில் அச்சொல்லைக் கண்டால் பணம் போட்டவரைத் தேடக் கூடாது.

'டிரமாடுர்க்' என்பது ஜெர்மன் சொல்லாகவே ஆங்கிலத்துக்குள் குடியேறிவிட்ட பதவி. 1767இல் ஹாம்பர்க் தேசிய நாடக அரங்கில் அமர்த்தப்பட்டு, 1769 வரை அந்த அரங்கின் நாடகங்களை முன்வைத்துக் கட்டுரைகள் எழுதிய ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங்கிடமிருந்து இப்பதவியின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். 1963இல் நடிகர் லாரன்ஸ் ஒலிவியரின் தலைமையில் லண்டன் நேஷனல் தியேட்டர் தொடங்கியபோது நாடக விமர்சகர் கென்னத் டைனன் இதையொத்த பொறுப்பை ஏற்றார்; பதவியின் பெயரோ 'லிட்டரரி மேனேஜர்'. அமெரிக்காவில் 1985இல் தொடங்கப்பட்ட தொழில்முறைச் சங்கம் இரண்டு பெயர்களையும் தன் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டது. அப்படியானால் 'டிரமாடுர்க்' என்றே எழுதிவிடலாம்தானே என்று தோன்றும். எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் சொல் அப்படியே வந்ததால் பொருளும் அப்படியே வந்துவிட்டது என்று நம்பக் கூடாது. ஜெர்மன் டிரமாடுர்க் அரங்கின் மாதச் சம்பள ஊழியர். பருவத் திட்டத்தை வகுப்பதில் பங்கெடுப்பவர், நாடகப் பிரதியை வெட்டிச் சுருக்குபவர், கையேட்டை எழுதுபவர், நாடகத்துக்கு முன் பார்வையாளர்களிடம் பேசுபவர். அமெரிக்க வாசகர் அச்சொல்லைக் கேட்டவுடன் புதிய நாடகாசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து பிரதியைச் செப்பனிடுபவரையே முதலில் நினைக்கக்கூடும். இறுதியில் ஒலிக்காத 'e' எழுத்தைச் சேர்க்கும் பிரெஞ்சு எழுத்துமுறையையும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் பிரெஞ்சில் அது நாடகாசிரியரையே குறிக்கும்.

இந்த நான்கு வழிகளும் ஒருசேரத் திணறும் பதவி ஒன்று உண்டு. அது 'இன்ஸ்பிட்ஸியென்ட்'. நாடகம் நடக்கும் இரவில் மேடையோரத்து மேசையில் அமர்ந்து, விளக்கு மாற, திரை எழ, நடிகர் உள்ளே வர, ஒலி தொடங்க ஒவ்வொன்றுக்கும் சைகை கொடுப்பவர் இவர். ஆப்பெராவில் இசைக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். அகராதியைத் திறந்தால் 'ஸ்டேஜ் மேனேஜர்' என்றிருக்கும். சைகை கொடுக்கும் அளவில் அது சரிதான். ஆனால் ஆங்கில உலகின் ஸ்டேஜ் மேனேஜர் முதல் நாள் ஒத்திகையிலிருந்து உடனிருந்து, யார் எங்கே நின்றார்கள் என்பதைக் குறித்து, மறுநாள் யார் எப்போது வர வேண்டும் என்று அறிவித்து, இயக்குநர் ஊருக்குப் போனபின் நாடகம் சிதையாமல் காப்பவர். ஜெர்மன் அரங்கில் ஒத்திகைக் குறிப்புகளை வைத்திருப்பவர் 'ரெஜீஅஸிஸ்டென்ட்'. முதல் இரவுக்குப் பின் நாடகத்தின் வடிவத்தைக் காக்கும் மாலைப் பொறுப்பும் பெரும்பாலும் அவரிடமே போகும். வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பது 'சூஃப்லோஸ்' என்னும் தனி ஊழியரின் வேலை. ஆங்கில உரைநாடக மேடையில் அந்தத் தனிப் பதவி ஏறத்தாழ மறைந்தே விட்டது, புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் டெபுடி ஸ்டேஜ் மேனேஜரே அதையும் செய்துவிடுகிறார்.

ஆக, இரு மரபுகளும் ஒரே வேலைத் தொகுதியை வெவ்வேறு இடங்களில் வெட்டிப் பங்கு போட்டிருக்கின்றன. ஒரு ஜெர்மன் சொல்லுக்கு நேராக ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துத் தப்பிக்க முடியாது. ஒத்திகை அட்டவணையிலும் மேடைக் குறிப்பிலும் நான் பிரிட்டிஷ் வாசகருக்கு 'டெபுடி ஸ்டேஜ் மேனேஜர்' என்றும், அமெரிக்க வாசகருக்கு 'ஸ்டேஜ் மேனேஜர்' என்றும் எழுதி, ரெஜீஅஸிஸ்டென்டை 'அசிஸ்டன்ட் டைரக்டர்' ஆக்குவேன். ஆனால் விருந்தினராக வரும் ஆங்கிலேய இயக்குநருக்கு அனுப்பும் முதல் கடிதத்தில், எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பத்தி தனியே சேர்ப்பேன். அப்பத்தி இல்லாவிட்டால் அவர் மூன்றாம் வாரம்வரை ஸ்டேஜ் மேனேஜர் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார், இன்ஸ்பிட்ஸியென்டோ மேடை ஒத்திகைகள் தொடங்கும்போதுதான் வருவார். விளக்கத் தொடர் என்ற நான்காவது வழி அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்காது என்பது உண்மை. அதற்குரிய இடம் கடிதமும் முன்குறிப்பும்.

ஒத்திகைகளின் பெயர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனெனில் ஆங்கிலம் பேசும் கலைஞர்களே பெரும்பாலானவற்றை முடிவு செய்துவிட்டார்கள். பாடகர்கள் நடிப்பில்லாமல் உட்கார்ந்து முதன்முறையாக இசைக்குழுவோடு சேர்ந்து பாடும் 'ஸிட்ஸ்ப்ரோபெ', பிராட்வேயின் இசைநாடகங்களில்கூட அதே பெயரில் வழங்குகிறது. அரங்க அமைப்பு செய்யப்படுவதற்கு நெடுநாள் முன்பே, பழைய பலகைகளையும் துணிகளையும் மேடையில் நிறுத்தி அளவும் பார்வைக்கோணமும் சரிபார்க்கும் 'பௌப்ரோபெ' பிரிட்டிஷ் ஆப்பெரா அரங்குகளில் ஜெர்மன் பெயரிலேயே புழங்குகிறது. உறுப்பைப் பிரித்துக் 'கட்டட ஒத்திகை' என்ற பொருளில் ஆங்கிலமாக்கினால் நடிகர்களை வரச் சொன்னதுபோல் ஆகும், அந்த நிகழ்வில் நடிகர்களுக்கு வேலையே இல்லை. ஒத்திகைத் தரையில் நாடா ஒட்டி எல்லை குறிக்கும் 'மார்க்-அப்' என்ற ஆங்கிலச் சொல்லும் வேறு காரியம். பாடகர்களின் குரல்வகைப் பிரிவான 'ஃபாக்', அரங்கின் மாதச் சம்பளக் குழுவில் ஒருவராக இருப்பதைக் குறிக்கும் 'ஃபெஸ்ட்' ஆகியனவும் இப்படியே தங்கிவிட்டன. உடல்நலமில்லாத பாடகருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் மேடையேறுபவரைக் குறிக்கும் 'ஐன்ஷ்ப்ரிங்கர்' மட்டும் 'ஜம்ப்-இன்' என்று உறுப்புக்கு உறுப்பாக ஆங்கிலமாகியிருக்கிறது. ஒட்டுச்சொல் வழி வெற்றி பெற்ற அரிய இடங்களில் இது ஒன்று. வெற்றிக்குக் காரணம் மொழிபெயர்ப்பாளர் அல்லர். ஜெர்மனியில் வேலை செய்த பாடகர்கள் தம் வாயாலேயே அதைப் பழக்கிக்கொண்டார்கள்.

கோட்பாட்டுச் சொற்களுக்கு வரும்போது மற்றொரு வகை வாசகர் முன்னே வருகிறார். அவர் சொல்லைக் கொண்டு மேடையில் எதையும் நகர்த்துவதில்லை. அதைக் கொண்டு சிந்திக்கிறார், வாதிடுகிறார், மற்றொரு நூலில் அதே சொல் வரும்போது இரண்டையும் இணைத்துப் பார்க்கிறார். பழகிப்போனதைப் புதிதாகக் காணும்படி மேடையில் காட்டும் உத்திக்கு ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் இட்ட பெயரான 'ஃபெர்ஃப்ரெம்டுங்' பெற்ற பயணத்தைவிட இங்கே தெளிவான சான்று கிடைக்காது. 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைக் கண்டபின் பிரெக்ட் எழுதிய கட்டுரை, ஜெர்மனில் அச்சாவதற்கு முன்பே 1936இல் லண்டன் இதழொன்றில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மொழிபெயர்த்த எரிக் வால்டர் வைட் அச்சொல்லுக்கு இட்ட ஆங்கிலம் 'டிஸ்இல்யூஷன்', அதாவது மாயை கலைதல். அது மோசமான தேர்வு அன்று. மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே 'நான்காம் சுவர்' ஒன்று இருப்பதான மாயையைக் கலைப்பது அந்த உத்தியின் ஒரு பக்கம்தான். ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல் ஏமாற்றத்தையும் மனக்கசப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது, பிரெக்ட் கேட்டதோ வியப்பும் ஆர்வமும்.

1964இல் ஜான் வில்லட் தொகுத்து மொழிபெயர்த்த பிரெக்ட் கட்டுரைகள் வெளியானபின் 'ஏலியனேஷன் எஃபெக்ட்' நிலைத்துவிட்டது. அரை நூற்றாண்டாக ஆங்கிலம் பேசும் நாடக மாணவர்கள் கற்ற சொல் அது. அதன் குறை எல்லோருக்கும் தெரிந்ததே: மார்க்ஸ் பேசிய 'என்ட்ஃப்ரெம்டுங்' என்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தொழிலாளி தன் உழைப்பிலிருந்து பிரிக்கப்படும் நிலையும், பழகிப்போன நிகழ்ச்சி ஒன்றைப் பார்வையாளர் புதிதாகக் கண்டு கேள்வி கேட்கும்படி மேடையில் காட்டும் உத்தியும் ஒரே பெயரைப் பகிர்ந்தால், முதலாவதைக் குணப்படுத்த இரண்டாவதை மருந்தாக நினைத்த மார்க்சியப் படைப்பாளியின் வாதமே குழம்பிப் போகிறது. தமிழில் பிரெக்டைப் பேசியவர்களில் பலர் ஆங்கிலத்தின் வழியே அவரை அடைந்ததால் 'அந்நியமாதல்', 'அந்நியமாக்கல்' என்று இக்குழப்பத்தின் நிழல் இங்கேயும் விழுந்தது. இன்னொரு கேடு, அச்சொல்லைக் கேட்ட இயக்குநர்கள் பார்வையாளரை விலக்கிக் குளிரவைப்பதே பிரெக்டிய நாடகம் என்று நம்பியது. 'எஸ்ட்ரேஞ்ச்மென்ட்', 'டிஸ்டன்சிங்', 'டிஃபெமிலியரைசேஷன்' என்று பின்னால் வந்த மாற்றுகளில் கடைசியது பொருளில் மிக நெருக்கமானது, ஆனால் இலக்கியக் கோட்பாட்டாளர்களான ரஷ்ய உருவவாதிகளின் வீட்டுச் சொல்லாக ஏற்கெனவே பெயர் வாங்கிவிட்டது.

இந்த நிலையில் ஆய்வுக் கட்டுரையில் ஜெர்மன் சொல்லையே வைப்பதுதான் சரி. அதற்கு வாசகர் தயாராக இருக்கிறார், ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் ஏற்கெனவே ஏதாவது ஒரு தரப்பில் நின்றுவிட்டது. பார்வையாளர் கையேட்டில் அவ்வாறு செய்வது சோம்பல். அங்கே சொல்லையே கைவிட்டு, நடிகர் பாத்திரத்துக்குள் கரையாமல் அதைப் பிறருக்கு எடுத்துக் காட்டுகிறார் என்பதுபோல் காரியத்தையே ஒரு வாக்கியத்தில் எழுதிவிடலாம். ஒத்திகை அறையிலும் அப்படித்தான்.

அதே வில்லட் 'கெஸ்டுஸ்' என்பதற்குச் செய்தது எனக்குப் பிடித்த, ஆனால் பின்பற்றத் தகாத தீர்வு. உடலின் தோரணையும் சமூக உறவும் ஒன்றாகத் தெரியும் நடிப்புநிலையைக் குறிக்கும் அச்சொல்லுக்கு, நடையுடை தோரணை என்ற பொருளில் முன்பு வழங்கி வழக்கொழிந்த 'ஜெஸ்ட்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லை அவர் தூசி தட்டி எடுத்தார். அச்சில் அது அழகாகவே இருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் வேடிக்கைப் பேச்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியில் ஒன்றாகிவிடுகிறது. நாடகச் சொல் வாயால் சொல்லப்படும் சொல் என்பதை மறந்த தீர்வு அது.

பிரெக்டின் 'லேர்ஷ்ட்யூக்' பற்றி விவாதிக்க அதிகமில்லை. 'டைடாக்டிக் ப்ளே' என்று எழுதுவது பரவலான வழக்கம், ஆனால் பார்வையாளருக்குப் பாடம் நடத்தும் நாடகம் என்ற பொருளை அது தந்துவிடுகிறது. நடிப்பவர்களே நடித்துக் கற்றுக்கொள்ள வேண்டிய நாடகம் என்பதே அதன் கருத்து. 1930களின் நடுவில் பிரெக்ட் தாமே ஆங்கில வாசகருக்கு அச்சொல்லை 'லேர்னிங் ப்ளே' என்று விளக்கியிருக்கிறார். ஆசிரியரே சொன்ன வழியை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை.

துயர நாடகம் என்று பொருள்படும் 'ட்ரௌவர்ஷ்பீல்' என்ற சொல்லில் ஒரே நூலின் இரண்டு ஆங்கிலத் தலைப்புகள் காலத்தின் மனமாற்றத்தைக் காட்டுகின்றன. ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1928இல் அச்சொல்லைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, 1977இல் ஜான் ஆஸ்போர்னின் மொழிபெயர்ப்பில் 'டிராஜிக் டிராமா' என்ற தொடரைத் தலைப்பில் தாங்கி வந்தது. 2019இல் ஹவர்ட் ஐலண்ட் மொழிபெயர்த்தபோது தலைப்பில் ஜெர்மன் சொல்லே நின்றது. கிரேக்கத் துன்பியலும் பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மன் ட்ரௌவர்ஷ்பீலும் வெவ்வேறு வகைகள் என்று நிறுவுவதே அந்நூலின் வேலையாக இருக்கும்போது, இரண்டாவது முடிவுதான் நூலுக்கு விசுவாசமானது. ஆனால் அதே சொல் லெஸ்ஸிங்கின் 1755ஆம் ஆண்டு நாடகத்தின் வகைப்பெயரில் வரும்போது நான் ஜெர்மன் சொல்லை அப்படியே விட்டுவைக்க மாட்டேன். நடுத்தர வர்க்கத்து மனிதர்களின் துயரத்தைப் பேசும் அந்த நாடகவகைக்கு முன்மாதிரியே ஜார்ஜ் லில்லோ 1731இல் லண்டனில் அரங்கேற்றிய நாடகம் போன்ற ஆங்கிலப் படைப்புகள். ஆங்கிலத்தில் அவ்வகைக்கு 'டொமஸ்டிக் டிராஜெடி' என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. வந்த சொல்லை வந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புவதில் தவறென்ன?

இனி நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட எளிய சொற்கள். பருவ அட்டவணையில் 'வீடெரௌஃப்நாமெ' என்று இருந்தால், முந்தைய பருவத்தில் நடந்த அதே படைப்பு அதே அரங்க அமைப்போடு மறுபடி பட்டியலில் சேர்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் 'ரிவைவல்' என்று எழுதுவார்கள். ஆப்பெரா வாசகருக்கு அது சரியாகவே புரியும். உரைநாடக வாசகருக்கோ ரிவைவல் என்பது பழைய நாடகம் ஒன்றைப் புதிய இயக்குநர், புதிய நடிகர்களோடு புதிதாகப் படைப்பது; அதற்கு ஜெர்மனில் 'நொய்இன்ட்ஸெனீருங்' என்ற வேறு சொல் இருக்கிறது. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு எதிர்ப் பொருள்களையும் தாங்கும் இந்த இடத்தில், உரைநாடக அட்டவணைக்கு 'மறுபடி பட்டியலில்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரே பாதுகாப்பானது.

'பிரமியேர்' இதைவிட நயமாக ஏமாற்றுகிறது. ஜெர்மன் அரங்கில் ஹாம்லெட்டுக்கும் பிரமியேர் உண்டு. அந்த அரங்கின் அந்தப் படைப்பு பொதுமக்கள் முன் ஏறும் முதல் இரவு என்பதே அதன் பொருள். நாடகம் உலகிலேயே முதன்முறையாக ஏறினால் 'ஊரௌஃப்பூருங்', ஒரு நாட்டிலோ மொழியிலோ முதன்முறை என்றால் 'எர்ஸ்டௌஃப்பூருங்' என்று கவனமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆங்கில வாசகர் 'பிரமியர்' என்பதைக் கண்டால் புதிய நாடகம் என்றே எண்ணுவார். 'ஓப்பனிங் நைட்' என்று எழுதிவிட்டு, 'வேர்ல்ட் பிரமியர்' என்பதை ஊரௌஃப்பூருங்குக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். லண்டனிலும் நியூயார்க்கிலும் அதற்கு முன் கட்டணம் பெற்று நடத்தும் முன்னோட்டக் காட்சிகள் பல இரவுகள் ஓடும் என்பதால், ஓப்பனிங் நைட்டுக்கு முன்பே நாடகத்தைப் பார்த்துவிடலாம் என்று அங்கிருந்து வருபவர் நினைக்கக்கூடும். அது அட்டவணை சொல்ல வேண்டிய செய்தி, சொல்லால் தீர்க்கக்கூடியதன்று.

'இன்ட்ஸெனீருங்' என்பது ஓர் இயக்குநர் உருவாக்கிய படைப்பு. 'ஔஃப்பூருங்' என்பது அது ஓர் இரவில் ஒரு கூட்டத்தின் முன் நடப்பது. 1964 முதல் பெர்லினில் நடந்துவரும் தியேட்டர்ட்ரெஃபென் விழாவுக்கு நடுவர்கள் தேர்வது பத்து இன்ட்ஸெனீருங்குகளை. பத்து 'ப்ளே' என்று எழுதினால் நாடகாசிரியர்களுக்குப் பரிசு கிடைத்ததுபோல் ஆகும், பத்து 'பெர்ஃபார்மன்ஸ்' என்று எழுதினால் நடிகர்களுக்குக் கிடைத்ததுபோல் ஆகும். 'புரொடக்ஷன்' என்பதே சரி. ஜெர்மனில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் நிகழ்த்துகலையைக் குறிக்கும் இரவல் சொல், அதையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது 'ஆர்ட்' என்று ஒட்டிக்கொண்டால்தான் பொருள் தெளியும். 'மாஸ்கெ' என்று கதவில் எழுதியிருந்தால் அங்கே இருப்பது முகமூடி அன்று, தலைமுடியும் ஒப்பனையும். 'ஷ்டாட்ஸ்தெயாட்டர்' என்பதில் உள்ள அரசு பெரும்பாலும் மாநில அரசு; ஆங்கிலத்தில் 'நேஷனல்' என்று எழுதிவிடும் தவறு ஆச்சரியப்படும் அளவுக்கு அடிக்கடி நிகழ்கிறது.

தொழில்நுட்பத் தாளில் மட்டும் எனக்கு இரக்கமில்லை. அங்கே ஜெர்மன் சொல்லையும் விட்டுவைக்கக் கூடாது, விளக்கத் தொடரையும் எழுதக்கூடாது, வாசிக்கும் மேடைப் பணியாளர் தினமும் வாயால் சொல்லும் சொல்லே வேண்டும். சுழலும் மேடை 1896இல் மியூனிக் ரெஸிடென்ஸ் அரங்கில் கார்ல் லௌட்டென்ஷ்லேகர் அமைத்ததிலிருந்து ஐரோப்பிய அரங்குகளுக்குப் பழகிய பொருள். பிரிட்டனில் அது 'ரிவால்வ்', அமெரிக்காவில் 'டர்ன்டேபிள்'. தீப்பிடித்தால் மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே இறக்கும் இரும்புத் தடுப்புத் திரையை ஜெர்மனில் சொல்லுக்குச் சொல் 'இரும்புத்திரை' என்பார்கள். 1881இல் வியன்னா ரிங் அரங்கில் நூற்றுக்கணக்கானோர் தீயில் மாண்டபின் அரங்குகளின் தீப்பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. பிரிட்டனில் இத்திரைக்கு 'சேஃப்டி கர்ட்டன்', பணியாளர் பேச்சில் வெறுமனே 'அயர்ன்'; அமெரிக்காவில் 'ஃபயர் கர்ட்டன்'. சொல்லுக்குச் சொல் 'அயர்ன் கர்ட்டன்' என்று வரைபடத்தில் எழுதினால் பனிப்போர் நினைவுக்கு வருமேயொழிய ஆபத்தில்லை. 'ஷ்னூர்போடென்' ஆபத்தானது. பேச்சுவழக்கில் மேடைக்கு மேலுள்ள கோபுரம் முழுவதையும் அப்படிச் சொல்வார்கள், கறாராகப் பேசும்போது கயிறுகள் இறங்கும் உச்சித் தளத்தை மட்டும் குறிக்கும். 'ஃப்ளை டவர்' என்பதா 'கிரிட்' என்பதா என்று எடைக் கணக்கு எழுதப்பட்ட தாளில் ஊகிக்கக் கூடாது, அரங்கின் தொழில்நுட்பத் தலைவரைக் கேட்டுவிட வேண்டும்.

இடது, வலது என்ற இரண்டு சொற்களைப் பற்றியும் அதேபோல் கேட்டுவிட வேண்டும். ஆங்கில மேடையில் 'ஸ்டேஜ் லெஃப்ட்' என்பது பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடது. ஜெர்மன் வழக்கில் இடம் வலம் பெரும்பாலும் பார்வையாளர் இருக்கையிலிருந்து சொல்லப்படும். பிரெஞ்சுக்காரர்கள் மேடையின் இரு பக்கங்களுக்கும் முற்றம், தோட்டம் என்று பெயர் வைத்து இத்தொல்லையிலிருந்து விடுபட்டார்கள். 'லிங்க்ஸ்' என்பதை 'லெஃப்ட்' என்று மொழிபெயர்க்கும் வாக்கியத்தில் எந்த அகராதிப் பிழையும் இல்லை, ஆனால் மேலிருந்து இறங்கும் சட்டத்தின் அடியில் தவறான பக்கத்தில் ஒருவர் நிற்பார். தாளின் தலைப்பிலேயே எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதப்பட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டு, உள்ளே எல்லா இடத்தையும் ஆங்கில வழக்குக்குத் திருப்பி எழுதுவதே நான் பரிந்துரைக்கும் முறை. ஜெர்மன் வரைபடமும் ஆங்கில வரைபடமும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கமாக விரிக்கப்படும் அரங்கில் இந்த முறையும் குழப்பும். அங்கே இரண்டு மொழியிலும் பார்வையாளர் பக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லும் 'ஹவுஸ் லெஃப்ட்', 'ஹவுஸ் ரைட்' என்ற ஆங்கில வழக்கைக் கையாளலாம்.

பிரிட்டிஷ் ஆங்கிலமா அமெரிக்க ஆங்கிலமா என்பதை மொழிபெயர்ப்பாளரின் பழக்கத்துக்கு விடக்கூடாது என்பது மேலே வந்த சான்றுகளிலேயே தெரிந்திருக்கும். கையேட்டுக்கு எது வேண்டுமானாலும் சரி. தொழில்நுட்பத் தாளுக்கு, வரும் குழு எங்கிருந்து வருகிறதோ அந்த நாட்டுச் சொல். ஒப்பந்தத்துக்கு இரண்டும் இல்லாமல் ஜெர்மன் சொல்லே முன்னால் நின்று ஆங்கிலம் அதற்குக் குறிப்பாகப் பின்னால் வர வேண்டும், ஏனெனில் வழக்கு வந்தால் செல்லுபடியாவது ஜெர்மன் பிரதி. குறிப்பாக 'நிஷ்ட்ஃபெர்லெங்கருங்' என்ற சொல்லைப் பணிநீக்கம் என்ற பொருளில் 'டெர்மினேஷன்' ஆக்கவே கூடாது. ஜெர்மன் அரங்கக் கலைஞரின் ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கானது. அரங்கோ கலைஞரோ குறித்த நாளுக்குள், பொதுவாக அக்டோபர் 31க்குள், புதுப்பிக்கவில்லை என்று அறிவிக்காவிட்டால் அது தானாகவே மேலும் ஒரு பருவத்துக்கு நீளும். இங்கே உறுப்புக்கு உறுப்பான 'நான்-ரினியூவல்' துல்லியமாகப் பொருந்துகிறது. அதைத் 'டெர்மினேஷன்' என்று வாசிக்கும் வெளிநாட்டுப் பாடகி, தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்து அறிவிப்புக்கு முன் நடக்க வேண்டிய நேர்காணலுக்கான உரிமையைக்கூடக் கேட்காமல் இருந்துவிடக்கூடும்.